சூடு போகும் வழி

கேள்வியோடு வந்தவர் குருவைவிட இருபத்தாறு வயது மூத்தவர்.

குரு என்று யாராவது சொன்னால் கோகிலவாணி சிரித்துவிடுவாள். சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு டயர்க் கடையின் மாடியில் அவளுடைய இடம். பழுதான மின்சாதனங்களைத் திறந்து பார்த்துச் சரிசெய்யக் கற்றுக்கொடுப்பாள். முன்பு ஒரு பொறியியல் கல்லூரியில் வெப்பவியல் நடத்திக்கொண்டிருந்தவள். அங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை என்று வேலையை விட்டு வந்துவிட்டாள். மாடிக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். வருகிறவர்களிடம் ஒரு கேள்வி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அர்த்தநாரி வந்தது சித்திரை வெயிலில். அரசுப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேர் அவருடைய விசிலுக்கு ஓடியவர்கள். அன்று ஒரு கம்ப்யூட்டர் பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி நின்று ஏறி வந்தார்.

"ஓட ஓட நின்னு போகுதும்மா. என்னன்னு பார்க்கணும்."

கோகிலவாணி பெட்டியைத் திறந்தாள். விசிறி நன்றாகத்தான் சுற்றியது. சூட்டைக் கடத்துவதற்காக ப்ராசஸரின் மேல் தடவியிருந்த பசை காய்ந்துபோயிருந்தது. அதைச் சுரண்டி எடுத்தாள்.

"யாரு சார் யூஸ் பண்றாங்க?"

"என் பொண்ணு."

"அவங்களையும் கூட்டிட்டு வாங்களேன். என்ன வேலை ஓட்டுறாங்கன்னு தெரிஞ்சா நல்லது."

"அவ இல்லம்மா."

கீழே டயர்க் கடையில் கம்ப்ரெசர் உறுமிக்கொண்டிருந்தது. கோகிலவாணி ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தாள். அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

அவர் பள்ளிக்கூடத்தில் ரிப்போர்ட் வாசிப்பது போல, நேராக நின்றுகொண்டு சொன்னார். மகள் பெயர் சிந்துஜா. சென்னையில் அனிமேஷன் வேலையில் இருந்தாள். ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு சிகிச்சைக்கும் அடுத்ததற்கும் நடுவில், உட்கார முடிந்த நாட்களிலெல்லாம் உட்கார்ந்து, ஏழு நிமிடப் படம் ஒன்றைச் செய்தாள். ஏற்காட்டு மலைப்பாதையில் கடைசி பஸ்ஸில் தனியாகப் போகும் ஒருத்தியின் கதை. ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது. மீதி இரண்டு நிமிடத்துக்கு எல்லாவற்றையும் தயார்செய்து வைத்துவிட்டு, போன வருஷம் ஆனியில் இறந்துபோனாள். இனி மெஷின் தானாக ஒவ்வொரு படமாக வரைந்து முடிக்க வேண்டியதுதான். ஆனால் ஓடத் தொடங்கினால் சூடேறி நின்றுவிடுகிறது.

"வேற மெஷின்ல போட்டு ஓட்டலாம் சார். என்கிட்டயே ஒண்ணு இருக்கு."

"வேண்டாம். அவ கை பட்டது இதுலதான். இதுலயே முடியணும்."

"அப்படின்னா புதுப் பசை போட்டுத் தர்றேன், மெதுவா ஓட விடுங்க. வேகத்தைப் பாதியாக் குறைச்சுட்டா சூடாகாது. நிக்காமப் போகும்."

"எப்ப முடியும்?"

"ஆடி ஆகலாம். ஆவணிகூட ஆகலாம்."

"ஆனியில வருஷ நினைவு. சொந்தக்காரங்க, அவ கூடப் படிச்ச பிள்ளைங்க எல்லாம் வருவாங்க. ஸ்கிரீன் கட்டிப் போடணும். அதுக்குள்ள முடியணும்."

சொல்லிவிட்டு அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். உள்ளே பிஸ்கட் அளவில் வெள்ளைத் தகடு ஒன்று. பீங்கான் போன்ற வழவழப்பு. ஓரத்தில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர்கள்.

"பெல்டியர் தகடுன்னு சொல்றாங்க. கரன்ட் குடுத்தா ஐஸா ஆகுது. வீடியோவுல பார்த்தேன். இதை ப்ராசஸர் மேல வச்சா பிரயோஜனம் உண்டா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

கோகிலவாணி தகட்டை வாங்கிக்கொண்டாள். தகட்டின் இரண்டு ஒயரையும் மேசையிலிருந்த பவர் சப்ளையில் இணைத்தாள்.

"பிடிங்க சார். கட்டைவிரல் மேல, ஆள்காட்டி விரல் கீழ."

அவர் பிடித்தார். அவள் சுவிட்சைப் போட்டாள்.

கட்டைவிரலில் சட்டென்று குளிர் ஏறியது. அந்த மாடியில், அந்த வெயிலில், கிணற்றுத் தண்ணீரில் விரல் வைத்தது போல இருந்தது. அர்த்தநாரியின் முகம் மலர்ந்தது. கீழ்ப்பக்கம் வெதுவெதுப்பாகிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

"பார்த்தீங்களா!"

"பிடிச்சுக்கங்க."

கீழ்விரல் சுட்டது. மேல்விரலின் குளிர் குறையத் தொடங்கியது. பிறகு குளிர் இருந்த இடத்தில் சூடு வந்தது. அவர் விடவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார். கடைசியில் உதறினார். தகடு மேசையில் விழுந்து வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு விரலும் சிவந்திருந்தன.

"குளிர்ச்சி எங்க போச்சு சார்?"

"சூடு வந்திருச்சு."

"எங்கிருந்து?"

அவர் தகட்டைப் பார்த்தார். "அடியிலிருந்து."

"இது குளிரை உண்டாக்கலை. இந்தப் பக்கத்துச் சூட்டை அந்தப் பக்கம் தள்ளுது. தள்ளுறதுக்குக் கரன்ட் தின்னுது, அந்தச் சூட்டையும் சேர்த்து அங்கயே கொட்டுது. அந்தப் பக்கத்துச் சூட்டை அப்பப்ப வாங்கிட்டுப் போக ஆள் இல்லைன்னா எல்லாம் திரும்பி வந்துடும்."

"ஆள் வச்சா?"

"வச்சா குளிரும்."

"அப்ப பிரயோஜனம் உண்டு."

"குளிருமான்னு கேட்டா, குளிரும்."

"அது போதும். எனக்குக் கத்துக்கொடுங்க. அவ மெஷினை வேற யாரும் தொட வேண்டாம். நானே செய்றேன்."

அன்று முதல் அவர் அவளை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அவர் நல்ல மாணவர். சொன்ன நேரத்துக்கு வருவார். பற்றவைக்கும்போது கை நடுங்கினால் கையைத் திட்டுவார். கோகிலவாணி ஒன்றொன்றாகக் காட்டினாள். வீட்டில் முன்பெல்லாம் போட்ட குண்டு பல்பு எவ்வளவு சூடு விடுமோ, ப்ராசஸர் அவ்வளவு விடுகிறது. தகடு ஒன்று போதாது, பெரிதாக இரண்டு வேண்டும். அவை இரண்டு குண்டு பல்பின் சூட்டைத் தாங்களாகச் சேர்க்கும். ஒரு பல்பைக் குளிர்விக்க மூன்று பல்பின் சூட்டை வெளியே தள்ள வேண்டும். அதற்குச் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் பெரிய செப்புத் துடுப்புகள், பெரிய விசிறிகள்.

"ஒரு பங்கு வேலைக்கு மூணு பங்கா?" என்றார் அவர்.

"ஆமா சார்."

"பரவாயில்லை."

இன்னொரு நாள் அவள் ஒரு டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்த்தாள். சற்று நேரத்தில் டம்ளரின் வெளிப்புறம் வியர்த்து, கீழே ஈர வட்டம் விழுந்தது.

"இது மெஷின் போர்டு மேல வந்தா?" என்று கேட்டாள்.

"செத்துடும்."

"அதனால சுத்தியும் ஈரக்காத்து புகாம நுரை ரப்பர் ஒட்டணும். இன்னொண்ணு. மெஷின் வேலை செய்யும்போது சூடு விடும், தகடு அதை இழுக்கும், சரியாப் போகும். வேலை நின்னா மெஷின் சூடு விடாது. தகடு மட்டும் இழுத்துட்டே இருக்கும். உறைஞ்சு போகும். வேலை நின்னதும் தகட்டையும் நிறுத்திடணும். யாராவது பக்கத்துல இருக்கணும்."

"நான் இருப்பேன்."

கிளம்பும்போது அவள் கேட்டாள்.

"துடுப்புல இருந்து வர்ற சூடு எங்க போகும் சார்?"

"வெளியே."

"வெளியேன்னா?"

"ரூம்ல."

"ரூம்ல யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லை," என்றார் அர்த்தநாரி.

அவருடைய மனைவி மரகதம் அந்த அறையில்தான் படுத்துக்கொண்டிருந்தாள்.

மகள் போன நாளிலிருந்து அவள் ஹாலில் படுக்கவில்லை. மகளின் கட்டிலில், மகளின் தலையணையில் படுத்தாள். பகலிலும் சமையல் முடிந்ததும் உள்ளே போய்விடுவாள். ஜன்னலைத் திறக்க மாட்டாள். சேலத்து வெயிலில் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு எப்படித்தான் இருக்கிறாய் என்று அர்த்தநாரி முதலில் கேட்டுப் பார்த்தார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். இருவரும் சாப்பாட்டு நேரத்தில் உப்பு, மோர் என்று பேசிக்கொள்வார்கள். அதற்கு மேல் எதைப் பேசினாலும் அது ஆஸ்பத்திரியில் போய் நின்றது.

ஆஸ்பத்திரியில் அவர் மகளை நடக்கவைத்தார். வராந்தாவில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. "இன்னும் ஒரு ரவுண்டு, சிந்து. உன்னால முடியும்." அவளும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "விடுங்க, படுக்கட்டும்" என்று மரகதம் சொல்வாள். "படுத்தா படுத்துட்டே இருக்க வேண்டியதுதான்" என்பார் அவர். அந்த வராந்தாவைப் பற்றி இருவரும் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை.

மகளின் மேசையில் அவர் எல்லாவற்றையும் பொருத்தினார். தகடுகள், துடுப்புகள், தட்டு அளவில் விசிறிகள். மரகதம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதையும் தொட்டுடாதே," என்றார். "ஒரு ஒயர் நகர்ந்தாக்கூடப் போச்சு."

சுவிட்சைப் போட்டார். திரையின் மூலையில் ப்ராசஸரின் சூடு எண்ணாக ஓடியது. தொண்ணூறில் தவித்துக்கொண்டிருந்த எண் இறங்கியது. ஐம்பது, முப்பது, இருபது. பதின்மூன்றில் நின்றது. வெளியே வெயில் நாற்பதில் இருந்தது.

"மரகதம், பார்த்தியா! பதிமூணு! ஊட்டிகூட இப்படி இருக்காது."

மகள் போன பிறகு அவர் குரலை உயர்த்திச் சந்தோஷமாகப் பேசியது அன்றுதான். மரகதம் எண்ணைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

மெஷின் நிற்காமல் ஓடியது. படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அறை அடுப்பானது. விசிறிகள் ஊதிய காற்று முகத்தில் அனலாக அடித்தது. கட்டில் கம்பியில் கை வைக்க முடியவில்லை. மரகதம் தாக்குப்பிடித்தாள். நனைத்த துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு படுத்துப் பார்த்தாள். ஒரு சாயங்காலம் அவள் தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். வந்து, சுவரோரம் விரித்துப் படுத்தாள்.

ஒருவழியாக வெளியே வந்தாளே என்று அர்த்தநாரிக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஆனால் சூடு தேங்கத் தேங்க எண் மெல்ல ஏறத் தொடங்கியது. இருபத்தைந்து, முப்பது. அவர் டயர்க் கடை மாடிக்கு ஓடினார்.

"டீச்சர், ஏறுது."

"அறையே சூடாயிருச்சு. சூட்டை வாங்கிட்டுப் போறதுக்கு அங்க இடம் இல்லை."

"என்ன செய்ய?"

"அறையிலிருந்து சூட்டை வெளியே தள்ளணும்."

சொல்லிவிட்டு அவள் ஏதோ கேட்க வாய் எடுத்தாள். அவர் அதற்குள் படியிறங்கிக்கொண்டிருந்தார். கடைக்குப் போய் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றை வாங்கி, அன்றைக்கே ஜன்னல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதைப் பொருத்தினார். எதிர்ச் சுவரின் ஜன்னலை விரியத் திறந்து வைத்தார். விசிறி பெரிய சத்தத்தோடு அறையின் காற்றை இழுத்துத் தெருவில் கொட்டியது. எண் மறுபடி பதின்மூன்றுக்கு வந்தது.

கடைத்தெருவுக்குப் போயிருந்த மரகதம் திரும்பி வந்தபோது ஜன்னல்கள் திறந்திருந்தன. பையைக் கீழே வைக்காமல் வாசலிலேயே நின்றாள். பிறகு அறைக்குள் போய் மகளின் அலமாரியைத் திறந்தாள். அங்கே வெகுநேரம் நின்றாள். அர்த்தநாரி திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் என்ன செய்தாள் என்று பார்க்கவில்லை. அலமாரி மூடும் சத்தம் கேட்டது. அவள் சமையல்கட்டுக்குப் போனாள். அன்று குழம்பில் உப்பில்லை. அவர் அதைச் சொல்லவும் இல்லை.

வைகாசி பாதியில் கோடை மழை வந்தது.

அன்று அவர் கடைவீதிக்குப் போயிருந்தார். வருஷ நினைவுக்குத் திரை கட்டுகிறவனிடம் பேச வேண்டியிருந்தது. போய்விட்டு உடனே வந்துவிடலாம் என்றுதான் கிளம்பினார். திடீரென்று வானம் கறுத்து மழை கொட்டியது. தெருவில் முழங்கால் தண்ணீர். பஸ் நின்றுபோனது. கடைவாசலில் ஒதுங்கி நின்றவர்களெல்லாம் கையை நீட்டி மழையை வாங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அர்த்தநாரிக்கும் குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது இதமாக இருந்தது. மெஷின் ஞாபகம் வந்தது. ஓடிக்கொண்டிருக்கும், ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டார்.

மெஷின் ஓடிக்கொண்டிருக்கவில்லை. ஒரு காட்சி முடிந்து, அடுத்ததைத் தொடங்க உத்தரவு கேட்டு நின்றிருந்தது. வேலை நின்றதும் ப்ராசஸர் ஆறியது. தகடுகள் இழுத்துக்கொண்டே இருந்தன. திறந்த ஜன்னல் வழியாக மழையின் ஈரக்காற்று அறையெங்கும் நிறைந்தது. நுரைக்கு வெளியே வெள்ளையாக உறைபனி பூத்தது.

அவர் தொப்பலாக நனைந்து வீடு வந்து சேர்ந்தபோது திரை உயிரோடு இருந்தது, 'தொடரலாமா' என்று கேட்டுக்கொண்டிருந்தது. தலையைத் துவட்டிக்கொண்டே தொடர் என்று ஒரு தட்டு தட்டினார். ப்ராசஸர் விழித்துச் சூடு விட ஆரம்பித்தது. உறைந்திருந்தது உருகியது. நுரையின் ஓரத்திலிருந்து தண்ணீர் கோடாக இறங்குவதை அப்போதுதான் பார்த்தார். கை நீட்டுவதற்குள் பட்டென்று ஒரு சத்தம். கருகல் நாற்றம். திரை இருண்டது.

விசிறிகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன.

மரகதம் அறை வாசலில் நின்றாள்.

"வெள்ளையா உறைஞ்சிருந்திருக்குமே. நீ பார்க்கலையா?" என்றார் அவர்.

"பார்த்தேன்."

"எப்ப?"

"மழை வந்தப்பவே. ஜன்னலைச் சாத்தலாமான்னு வந்தேன்."

"அப்புறம் ஏன் நிறுத்தலை? ஒரு சுவிட்ச். ஒரே ஒரு சுவிட்ச்!"

"எதையும் தொடக் கூடாதுன்னு சொன்னீங்க," என்றாள் மரகதம்.

குரலில் கோபம் இல்லை. அவர் அவளை அடிக்க வருவது போல ஒரு அடி எடுத்து வைத்தார். வாழ்க்கையில் ஒருமுறைகூட அவளை அடித்ததில்லை. நடு அறையில் நின்று, ஈரச் சட்டையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் வந்து சுவிட்சை அணைத்தாள். விசிறிகள் ஓய்ந்தன. பிறகு எக்ஸாஸ்ட் ஃபேனையும் நிறுத்தினாள். தெருவில் மழைத்தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் காலை அவர் எழுந்தபோது பின்பக்கத்தில் துணி துவைக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது. சத்தம் நின்றதும் மொட்டைமாடி ஏறிப் பார்த்தார். கொடி முழுக்கச் சிந்துஜாவின் துணிகள். சுடிதார்கள், ஆஸ்பத்திரிக்குப் போட்டுப்போன பருத்திச் சட்டைகள், தலைமுடி கொட்டிய பிறகு கட்டிக்கொண்ட நீலத் துணி, தலையணை உறைகள், போர்வை. எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மரகதம் கடைசித் துணியை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு இதையெல்லாம் துவைச்சே?"

"துவைக்காம வச்சிருந்தேன்."

"அதான் கேட்கிறேன்."

"அவ வாசனை இருந்துச்சு. அலமாரியிலே, மெத்தையிலே, அந்த ரூம்லே. ஜன்னலைச் சாத்தியே வச்சிருந்தேன்." கிளிப்பை எடுத்து நீலத் துணியில் மாட்டினாள். "ஃபேன் போட்டீங்கல்ல. போயிருச்சு. இனிமே துவைச்சா என்ன, துவைக்காட்டி என்ன."

அவர் அந்த நீலத் துணியை இழுத்து முகத்தில் வைத்தார். சோப்பு வாசனை அடித்தது.

அர்த்தநாரி பல நாள் கோகிலவாணியின் மாடிக்குப் போகவில்லை. போனபோது பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். இந்த முறை நெஞ்சோடு அணைக்கவில்லை. பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு போனார்.

கோகிலவாணி திறந்து பார்த்தாள். போர்டில் பச்சையும் கறுப்புமாகத் தீய்ந்திருந்தது.

"இது போச்சு சார். ப்ராசஸரும் போச்சு."

"தெரியும்." அவர் உட்காரவில்லை. "அன்னைக்கே கேட்டேனே டீச்சர். பிரயோஜனம் உண்டா இல்லையான்னு. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்கணும்," என்றாள் கோகிலவாணி.

சண்டைக்கென்று சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் அவருக்கு ஒரு நொடியில் இல்லாமல் போயின. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு மெல்லச் சொன்னார். ஹாலில் விரித்த படுக்கை. ஜன்னல். அலமாரி. மழை. கொடியில் காய்ந்த துணிகள். இந்த முறை ரிப்போர்ட் வாசிப்பது போல இல்லை. நடுவில் பல தடவை நின்றார். அவள் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. கீழே கம்ப்ரெசர் ஓடி நின்றது, மறுபடி ஓடியது.

அவர் முடித்ததும் அவள் பெட்டியிலிருந்து, படம் பதிந்திருந்த டிஸ்க்கை மட்டும் கழற்றினாள். தன்னுடைய மெஷினில் இணைத்துப் பார்த்தாள்.

"இதுல தண்ணி படலை. எல்லாம் இருக்கு சார்."

அவர் தலையை உயர்த்தினார்.

முடிந்த ஐந்து நிமிடம் இருந்தது. குளிர்ந்த மெஷின் வரைந்து தந்த காட்சிகள் இருந்தன. மீதி, சாம்பல் நிற உருவங்களாக, வரைவதற்குக் காத்திருந்தன. அவள் தன் மெஷினின் வேகத்தைக் குறைத்துவிட்டு ஒரே ஒரு படத்தை ஓடவிட்டாள். திரையில் கட்டம் கட்டமாக, அவசரம் இல்லாமல், அது தெளிந்து வந்தது. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் பஸ்ஸின் பின்புற விளக்குகள். அதற்கு மேல் பனிமூட்டம். ஜன்னலோரம் ஒரு தலை, முக்காடு போட்டது. முகம் தெரியவில்லை.

மெஷினின் விசிறி சத்தமே போடவில்லை. அர்த்தநாரி பக்கவாட்டில் கை வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்பாகக்கூட இல்லை.

"மீதியையும் இதுலயே ஓட்டிடுங்க டீச்சர்," என்றார். "எப்ப முடியுமோ முடியட்டும். ஸ்கிரீன்காரனை வேண்டாம்னு சொல்லிடறேன்."

அவள் கை விசைப்பலகைக்குப் போனது. போனது அப்படியே நின்றது.

"சிந்துஜாவோட அம்மா இந்தப் படத்தைப் பார்த்திருக்காங்களா சார்?"

"இல்லை."

"முடிஞ்ச அஞ்சு நிமிஷத்தை?"

"இல்லை. முழுசாக் காட்டணும்னு இருந்தேன்."

"முழுசாப் பார்க்கணும்னு அவங்க சொன்னாங்களா?"

அவர் யோசித்தார். போன வருஷத்திலிருந்து ஒவ்வொரு நாளாகத் தேடிப் பார்ப்பவர் போல யோசித்தார்.

"படத்தைப் பத்தி அவ ஒண்ணும் கேட்டதில்லை," என்றார். "ஒண்ணும் சொன்னதும் இல்லை. நானும் கேட்கலை."

கோகிலவாணி டிஸ்க்கைக் கழற்றினாள். மென்மையான துணியொன்றில் சுற்றினாள். மேசையைச் சுற்றி வந்து அதை அவர் கையில் வைத்தாள்.

"இதை அவங்க கையில குடுங்க சார். ஓட்டலாமா வேண்டாமான்னு அவங்க சொல்லட்டும்."

அர்த்தநாரி துணிப்பொட்டலத்தைப் பார்த்தார். கை நடுங்கியது. இந்தமுறை கையைத் திட்டவில்லை.

"வேண்டாம்னு சொல்லிட்டா?"

"இவ்வளவு நாளா அவங்க ஒண்ணும் சொல்லலையே சார்," என்றாள் கோகிலவாணி. "அதையாவது சொல்லட்டும்."